பேரன் இல்லாதவனுக்கும் ஒரு வரி



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருடம் எழுத்தனாக உட்கார்ந்து எழுந்தவன். வில்லங்கம் பார்த்துப் பார்த்தே கண்ணாடி கனத்துப்போனவன். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, நார்வே நாட்டுக் கோயில் ஏடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இவனுக்கும் நார்வேக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தமேதான்! என் மகளை அந்த நாட்டுப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு மார்கழியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. வெளியே முழங்கால் அளவு பனி. வீட்டுக்குள் நானும் சம்பந்தியம்மாவும். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும், நான் பேசுவது அவருக்குப் பாதி புரியும். என்னதான் செய்வது? ஒருநாள் அவர் மடிக்கணினியைத் திறந்து பழைய ஏடு ஒன்றின் படத்தைக் காட்டினார். பழுப்புக் காகிதம், கறுத்த மை, கோழி கிளறிய மாதிரி எழுத்து. "என் கொள்ளுத்தாத்தா இதற்குள் எங்கோ இருக்கிறார். என்னால் படிக்க முடியவில்லை" என்றார்.

மொழி அவருக்குத் தெரியும், எழுத்து பிடிபடவில்லை. எனக்கு மொழி தெரியாது, ஆனால் கிறுக்கல் எழுத்தைப் படித்துச் சோறு தின்ற கண் இது. நான் எழுத்துக் கூட்டினேன், அவர் பொருள் சொன்னார். இப்படித்தான் தொடங்கியது.

அந்த ஏடு எப்படி வந்தது? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் தரங்கம்பாடிக் கோட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1620-இல் அது எழுந்தபோது டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் கிறிஸ்தியான். அவரே நார்வேக்கும் அரசர். 1814 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே முடிதான். தரங்கம்பாடியில் கோட்டை எழுந்து மூன்று வருடம் கழித்து, 1623-இல், நார்வேயின் தென்பக்கம் ஆன்டெபு என்ற ஊரில் ஒரு போதகர் தம் சபையாரின் கணக்கை எழுதத் தொடங்கினார். அந்த நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் கோயில் ஏடுகளில் அதுதான் மூத்தது.

பிறகு 1685-இல் அரசாணை வந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொரு போதகரும் எழுதிவைக்க வேண்டும். எல்லோரும் உடனே எழுதினார்களா? எந்த நாட்டில் ஆணை போட்ட மறுநாளே எழுத்தர் எழுதியிருக்கிறார்! சில ஊர்களில் ஏடு பிந்தித் தொடங்கும். சில ஊர்களில் போதகர் வீடு தீப்பிடித்து, தலைமுறைக் கணக்கு ஒரே இரவில் சாம்பலாகியிருக்கும். அதைப் பார்த்த அரசு 1812 வாக்கில் இரண்டு ஏற்பாடு செய்தது. ஒன்று, கட்டம் போட்ட படிவம். மற்றொன்று, இரட்டை ஏடு. போதகர் ஒன்று எழுத வேண்டும். கோயிலில் பாட்டு நடத்தி அவருக்குத் துணையாக இருக்கும் ஊழியர், நம் பக்கத்து உபதேசியார் மாதிரி, இன்னொன்று எழுத வேண்டும். இரண்டு ஏடும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது! ஒரு வீடு எரிந்தால் மறு வீட்டில் கணக்கு பிழைக்கும். பதிவு அலுவலகத்தில் இருந்தவன் சொல்கிறேன், இதைவிட எளிய நல்ல யோசனை கிடையாது.

இன்று அந்த ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நார்வே தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. மனுப்போட வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை.

சரி, ஏடு கிடைத்தது. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை வைத்தா?

அங்கேதான் வழுக்கும். சம்பந்தியம்மாவின் கொள்ளுத்தாத்தா பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. லார்ஸ் மகன் ஓலே என்று வைத்துக்கொள்வோம். ஓலே லார்சன். அந்தக் காலத்து நார்வேச் சந்தையில் நின்று "ஓலே!" என்று குரல் கொடுத்தால் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்திருக்கும்.

ஏன் இத்தனை ஓலே? காரணத்தைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். மகனின் மகனை நாம் என்னவென்று சொல்கிறோம்? பேரன். பெயரன் என்பதுதான் பேரன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். நார்வேக் குடியானவர் வழக்கமும் அதேதான். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெண்பிள்ளைகளுக்குப் பாட்டிமார் பெயர். ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயர். மனைவி இறந்து மறுமணம் செய்தவன், இரண்டாந்தாரத்துக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு மறைந்த மனைவியின் பெயரை வைப்பான். இப்படி ஏழெட்டுப் பெயர்களே ஒரு குடும்பத்துக்குள் செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வரும்.

சரி, லார்சன் என்ற பின்பகுதி? அது குடும்பப் பெயரே இல்லை. நம் தலைப்பெழுத்து மாதிரி அப்பா பெயர். லார்ஸ் மகன் என்றால் லார்சன். லார்ஸ் மகள் என்றால் லார்ஸ்தத்தர். அவள் கல்யாணமாகிப் போனாலும் லார்ஸ்தத்தர்தான், புருஷன் பெயரை ஒட்டிக்கொள்ள மாட்டாள். ஓலேயின் மகன் ஹான்ஸ் பிறந்தால் அவன் லார்சன் ஆக மாட்டான், ஓல்சன் ஆவான். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இந்தத் தலைப்பெழுத்து விளையாட்டு அமெரிக்கரைக் குழப்பும், ஆங்கிலேயரைக் குழப்பும். நம்மைக் குழப்புமா?

நம்மையும் குழப்பியது. எதில் தெரியுமா? மூன்றாவது பெயரில்.

அப்பா பெயருக்குப் பின்னால் ஒரு பண்ணையின் பெயர் வரும். ஓலே லார்சன் ஹௌகன் என்றால் ஹௌகன் என்ற பண்ணையில் குடியிருக்கும் ஓலே. அது முகவரி! அவன் வேறு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் மாறும். பெண் வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால், அந்த வீட்டுப் பெயர்தான் இனி அவன் பெயர். கூடப் பிறந்த மூன்று பேர் மூன்று பண்ணையில் இருந்தால் மூன்று பெயர். 1923-இல் சட்டம் வந்த பிறகுதான் குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர் என்று ஆனது. அதுவும் போகட்டும், ஹௌகன் என்றால் என்ன பொருள்? மேடு. நார்வே மலைநாடு. மேட்டுக்கா பஞ்சம்? பாக்கே என்று இன்னொரு பெயர், அதற்குச் சரிவு என்று பொருள். தமிழ்நாட்டுக்கு வந்து மேட்டுத்தெரு எங்கே என்று கேட்ட கதைதான்.

1825 ஜூலையில் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்தோராசியோன் என்ற சின்னக் கப்பலில் 52 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்தது. அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கியவர் 53 பேர். அவர்கள் பின்னால், அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். 1865-இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 17 லட்சம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் போனவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று கையில் மேடு, சரிவு என்று ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். கிடைக்குமா?

ஆகவே முதல் பாடம் இது. பேரைத் தேடாதே, ஊரைத் தேடு! ஊர் கிடைத்தால் பண்ணையைத் தேடு! பண்ணை கிடைத்தால் ஆள் தானே கிடைப்பான். ஒவ்வொரு பண்ணைக்கும் நம் சர்வே எண், உட்பிரிவு எண் போல இரண்டு எண் உண்டு. மனிதன் நகர்வான், பெயர் மாறும், நிலம் எங்கே போகும்?

ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழிகாட்டும். 1801 பிப்ரவரி 1 அன்று நார்வே முழுவதும் ஆள் பெயர் எழுதிக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 8,83,000 பேர். கைக்குழந்தை முதல் தள்ளாத கிழவி வரை எல்லோர் பெயரும் உண்டு. அதற்கு முன்னும் கணக்கெடுத்திருக்கிறார்கள், 1660-களிலும் 1701-லும். அதெல்லாம் வரிக்கும் பட்டாளத்துக்கும் எடுத்த கணக்கு. நாட்டுப்புறத்து ஆண்களைத்தான் எண்ணினார்கள். பெண்கள்? அரசாங்கம் பெண்ணை எண்ண மறந்த காலத்திலும் கோயில் ஏடு அவளை எழுதியது.

எங்கள் ஓலேக்கு 1875 கணக்கெடுப்பு உதவியது. பிறந்த வருடம் 1843. பிறந்த சேகரத்தின் பெயரும் அதிலேயே இருந்தது. சேகரம் என்றால் நம் கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரியும், ஒரு போதகரின் கீழ் இருக்கும் சில கோயில்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில், ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு கோயில். போதகர் எல்லா ஞாயிறும் எல்லா இடத்துக்கும் போக முடியாது. குழந்தை காத்திருக்கும், கல்யாணம் காத்திருக்கும், செத்தவர்கூடக் காத்திருப்பார். அடக்கம் முடிந்து வாரக்கணக்கில் கழித்துப் போதகர் வந்து புதைகுழி மேல் மண் போட்டு ஜெபித்த ஊர்களும் உண்டு.

ஏட்டைத் திறந்தோம். பழைய ஏடாக இருந்தால் தேதியே புதிர். போதகர் மாதம் தேதி எழுத மாட்டார். திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் ஐந்தாம் ஞாயிறு என்று லத்தீனில் சுருக்கி எழுதுவார். நம் பாட்டி, "தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தவன் நீ" என்று சொல்வாளே, அதே கணக்குதான். பஞ்சாங்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு பொறி இருக்கிறது. 7 என்று எழுதிப் பக்கத்தில் பி, ஆர் என்று இரண்டு எழுத்துப் போட்டிருப்பார். ஜூலை என்று நினைத்தால் ஏமாந்தோம். லத்தீனில் செப்தம் என்றால் ஏழு, ஆகவே அது செப்டம்பர். 8 என்றால் அக்டோபர்.

1843 ஏடு கட்டம் போட்ட ஏடு. படிப்பது சுலபம். வரிசை எண், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், குழந்தையின் பெயர், முறையான பிறப்பா இல்லையா, பெற்றோர் பெயர், தொழில், குடியிருக்கும் இடம், கடைசியில் ஞானப்பெற்றோர் பெயர்கள். விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு ஓலே கிடைத்தான், அப்பா லார்ஸ். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு ஓலே, அவனுக்கும் அப்பா லார்ஸ்!

எவன் நம் ஆள்?

சம்பந்தியம்மா உடனே முதல் ஓலேயைத் தொட்டார். ஏனென்றால் அவன் பிறந்த பண்ணையின் பெயரும், இன்று அவர் பிறந்த வீட்டாரின் குடும்பப் பெயரும் ஒன்று. சொந்த நிலம் வைத்திருந்த குடும்பம். இரண்டாவது ஓலேயின் அப்பா ஹுஸ்மான். பண்ணையாருடைய நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, வாடகைக்குப் பதில் உழைப்பைக் கொடுத்தவர். நிலக்காரரும் கூலிக்காரரும் எதிரே நின்றால் யாரைத் தாத்தா என்று சொல்ல மனம் வரும்? எனக்கும் நிலக்காரரே சரி என்று பட்டது. சம்பந்தி கௌரவம் எனக்கும் கௌரவம்தானே!

பிறகென்ன? லார்ஸின் அப்பா, அவர் அப்பா, அவர் பெண் எடுத்த வீடு என்று மேலே மேலே ஏறினோம். மூன்று வாரத்தில் 1760-களுக்குப் போய்விட்டோம். பெரிய தாளில் மரம் வரைந்தோம். பேரப்பிள்ளை அதற்குப் பச்சை வண்ணம் தீட்டினான்.

ஒரு மாலை எனக்குள் பழைய எழுத்தன் விழித்துக்கொண்டான். ஒரு சொத்து ஒருவன் பெயரில் இருக்கிறது என்று பத்திரம் பார்த்தால் போதுமா? பின்னால் அது கைமாறியதா என்று பார்க்க வேண்டாமா? பிறப்பைப் பார்த்தோமே, அந்த ஓலே உயிரோடு வளர்ந்தானா என்று பார்த்தோமா? அதே ஏட்டில் அடக்கப் பகுதியைத் திறந்தேன். அதே 1843. அதே பண்ணை. ஓலே, லார்ஸ் மகன். வயது என்ற கட்டத்தில் போதகர் எழுதியிருந்தார்: இரண்டு மாதம்.

நான் திரையைச் சம்பந்தியம்மா பக்கம் திருப்பினேன். எழுத்தை அவர் இப்போது தானே படிப்பார். படித்தார். எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் கண்மூடிய ஒரு பச்சைக் குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்து, பிள்ளை குட்டி பெறவைத்து, ஒரு குடும்பத்தையே அவன் மேல் ஏற்றிவைத்திருந்தோம்.

நண்பர்களே, இரண்டாவது பாடம் இது. பிறப்பைக் கண்டவுடன் குதிக்காதே! இறப்பையும் பார்! முன்னோர் தேடுகிற வேலையில் ஏடு பொய் சொல்வது குறைவு. நம் ஆசைதான் அதிகம் பொய் சொல்லும்.

பிறகு இரண்டாவது ஓலேயைப் பிடித்தோம். இம்முறை ஒரு சாட்சியை மட்டும் நம்பவில்லை. திடப்படுத்தல் பகுதிக்குப் போனோம். 1736 முதல் அந்த நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் வேதபாடம் படித்து, சபைமுன் நின்று கேள்விக்குப் பதில் சொல்லித் திடப்படுத்தல் பெற வேண்டியிருந்தது. அன்று அது ஆகாமல் கல்யாணம் நடக்காது. 1858-இல் எங்கள் ஓலே அங்கே நிற்கிறான். பிறந்த தேதி, பெற்றோர், குடிசை இருந்த பண்ணை, எல்லாம் ஞானஸ்நான வரியோடு பொருந்துகிறது. பாட அறிவு என்ற கட்டத்தில், சுமார் என்று மதிப்பெண்! சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இவர்தான், சந்தேகமே இல்லை, எங்கள் குடும்பம்தான்" என்றார். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அம்மைப்பால் வைத்த தேதி. பெரியம்மைக்கு எதிராக 1810-இல் சட்டம் போட்டு, அம்மை குத்திய சான்று இல்லாமல் திடப்படுத்தலும் இல்லை, திருமணமும் இல்லை என்று ஆக்கியதால், அதையும் போதகரே எழுதினார்.

அப்புறம் திருமணப் பகுதி. லார்ஸ் மகன் ஓலே மணந்தது யாரை? அந்த மேட்டுப் பண்ணைப் பெண்ணை! வீட்டோடு மாப்பிள்ளையாகப் போயிருக்கிறார். குடிசையில் பிறந்தவர் பண்ணையின் பெயரைப் பெற்றார், அந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. நாங்கள் வழிதவறியது அந்தப் பெயரால்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஞானப்பெற்றோர் கட்டத்தைப் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள்! வழக்கமாக ஐந்து பேர் இருப்பார்கள். அத்தை, சித்தப்பா, பக்கத்துக் குடிசைக்காரர், சில வேளை பண்ணைக்கார அம்மா. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து மாதிரி அது. கொடுத்தவன், வாங்கியவன் பெயர் பல ஊரில் பலருக்கு இருக்கும். அந்த ஐந்து சாட்சியும் சேர்ந்து இன்னோர் இடத்தில் வராது. எங்கள் ஓலேயின் தம்பி தங்கை ஞானஸ்நானங்களிலும் அதே ஆட்கள் மாறி மாறி நிற்பதைப் பார்த்த பிறகுதான், மரத்தில் மையால் எழுதினோம்.

முடிக்கும் முன் அந்த முதல் ஓலேயிடம் உங்களைத் திரும்ப அழைத்துப் போகிறேன். இரண்டு மாதக் குழந்தை. அவனுக்காகவும் ஐந்து பேர் வந்து நின்றிருக்கிறார்கள். பலவீனமாகப் பிறந்ததால் வீட்டிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, பிறகு கோயிலுக்குத் தூக்கி வந்து உறுதி செய்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு தேதி. இரண்டு வருடம் கழித்து அதே பெற்றோருக்கு மீண்டும் ஆண்குழந்தை. அதற்கும் ஓலே என்றே பெயர். பாட்டன் பெயர் பிழைத்துக்கொண்டது. போனவன் போனவன்தான்.

அவனை யார் தேடுவார்கள்? அவனுக்கு மகன் இல்லை, பேரன் இல்லை. மடிக்கணினியைத் திறந்து என் கொள்ளுத்தாத்தா என்று அவனைத் தேடிவர உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்தப் போதகர் அதையெல்லாம் யோசித்தா எழுதினார்? தம் கடமைக்கு எழுதினார். பண்ணையார் மகனுக்கு எத்தனை கட்டமோ அத்தனை கட்டம் குடிசைக்காரன் மகனுக்கும். எழுபது வயது வாழ்ந்தவனுக்கு எத்தனை அகலமோ அத்தனை அகலம் இரண்டு மாதக்காரனுக்கும்.

புறப்படும் முன்தினம் பார்த்தேன். சம்பந்தியம்மா பழைய மரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்திருந்தார். குடிசைக்காரர் லார்ஸ் வேரில் இருந்தார். தாளின் ஓரத்தில், எந்தக் கிளையோடும் சேராமல், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. "இது யார்?" என்று கேட்டேன்.

"அந்த இன்னொரு ஓலே. மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தானே" என்றார்.